இறக்கி வைத்த வண்டி

காலையில் எழுகிறேன். பல் துலக்குகிறேன். காபிக்குத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டுக் கீழே போய் ஷெட்டின் ஷட்டரைத் தூக்குகிறேன். பைக்கின் மேல் கிடக்கும் துணியை எடுத்து மடித்து ஸ்டூலில் வைக்கிறேன். சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்கிறேன். சூடாகும் வரை பக்கத்தில் நிற்கிறேன். அணைக்கிறேன். துணியைப் போர்த்தி ஷட்டரை இறக்குகிறேன். மேலே வரும்போது தண்ணீர் பாதி வற்றியிருக்கும். மிச்சத்தில் காபி. குளியல். இஸ்திரி போட்ட சட்டை. பஸ். அலுவலகத்தில் மற்றவர்கள் வரைந்த கட்டட வரைபடங்களில் தப்பு தேடும் வேலை. சாயங்காலம் அதே பஸ்.

பைக்கில் போவதில்லை. என் மனைவி இறந்த பிறகு அது ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை.

நெடுந்தூரம் போவதற்கென்று செய்யப்பட்ட பெரிய பைக் அது. கல், மண், சேறு என்று பார்க்காது. அதனாலேயே உயரமும் அதிகம். என் மனைவியோ உயரம் குறைவு. அவள் வீட்டில் அவளுக்குப் பெயரே அரைப்படி. வாங்கிய புதிதில் அவள் ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கும். "இதுல உக்காந்தா ஊரே தெரியுது, தரைதான் தெரியல" என்றாள். எப்போதும் பின்னாலேயே உட்கார்ந்து வர மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆளுக்குப் பாதி நாள் ஓட்டுவது என்று ஒப்பந்தம்.

எனவே வண்டியை இறக்கினோம். பின் சக்கரத்தின் சஸ்பென்ஷனில் எலும்புத் துண்டு போல இரண்டு இணைப்புகள் இருக்கும். அவற்றைக் கழற்றி நீளமானவற்றைப் போட்டால் பின்பக்கம் தாழும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்களை அதே அளவுக்கு மேலே நழுவவிட வேண்டும். சீட்டின் ஸ்பாஞ்சை அவளே ரொட்டி அறுக்கும் கத்தியால் அறுத்தாள். எல்லாம் முடிந்து அவள் கால் தரையைத் தொட்டபோது என் முழங்கால் மடங்கிக் கொண்டது. "நீ பெரிய மனசு பண்ணு. கால மடக்கிக்கோ" என்றாள்.

எங்கள் ஷெட்டில் ஒரு சட்டம் இருந்தது. அவள் போட்ட சட்டம். ஒருவர் போல்ட்டை இறுக்கினால் இன்னொருவர் அளவுப்படி இறுகியிருக்கிறதா என்று, அளவு வந்ததும் க்ளிக் என்னும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு நெயில் பாலிஷால் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு கோடு. போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக் கொடுக்கும். இறுக்கியவர் கோடு போடக் கூடாது. "தன் பரீட்சைப் பேப்பரைத் தானே திருத்துற மாதிரிடா அது" என்பாள். ஆரம்பக் கோடுகள் சிவப்பு. அப்புறம் கொஞ்ச நாள் ஏதோ ஒரு ரோஸ். கடைசியாகக் கரும்பச்சை. அந்தக் கரும்பச்சையை அவள் விரலில் போட்டு நான் பார்த்ததில்லை.

அவள் போன பிறகு ஒரு போல்ட்டையும் நான் தொடவில்லை. தொட்டால் கோடு போட ஆள் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை மச்சான் வந்தார். அவளுடைய அண்ணன். தூரத்தில் எங்கோ பாலம் கட்டும் இடத்தில் வேலை. லீவு போட்டு, தன் பைக்கில், அவர்கள் அம்மாவான அத்தையைப் பின்னால் உட்கார வைத்து வந்திருந்தார். அத்தைக்கு பைக் என்றாலே ஆகாது. மகள் பைக் ஓட்டிய வருடங்களில் ஒரு நாள் கூட அதைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதில்லை. இறங்கியதும் நேராக என்னிடம் வந்து தாடையை நீட்டினார். ஹெல்மெட்டின் வாரைக் கழற்றி விட்டேன்.

"எவன் கண்டுபிடிச்சான் இந்தக் குண்டானை. காது ரெண்டும் மடிஞ்சு போச்சு மாப்பிள்ளை."

"வேகமாப் போனாரா அத்தை?"

"போனானா? பறந்தான். ரெண்டு தடவை முதுகுல குத்தினேன். தட்டிக் குடுக்கறேன்னு நெனச்சுட்டு இன்னும் வேகமாப் போறான்."

மச்சான் அதற்குள் ஷெட்டுக்குள் போய்த் துணியை எடுத்திருந்தார். குனிந்து எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன வட்டக் கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே ஆயில் தெரிய வேண்டும். கலங்கிப் போய் வெளுப்பாக ஏதோ தெரிந்தது.

"மாப்ள, இத என்ன பண்ற நீ?"

"தினம் ஸ்டார்ட் பண்றேன்."

"அப்புறம்?"

"அணைச்சிடுவேன்."

"ஓட்டுறதே இல்லையா?" நிமிர்ந்தார். "அது வண்டி மாப்ள. நாய்க்குட்டி இல்ல, தினம் காலையில வந்து தடவிக் குடுத்துட்டுப் போக. ஓட்டாம சும்மா சூடு பண்ணிப் பண்ணி அணைச்சா உள்ள ஈரம் கோத்துக்கும். பாரு, ஆயில் கெட்டுக் கெடக்கு. நல்லது பண்றேன்னு கொன்னுட்டு இருக்க."

அத்தை எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு டீ போடுவதாகச் சொல்லி மேலே போனார்.

மச்சான் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். மலைகளுக்கு அந்தப் பக்கம் போகும் ஒரு பழைய சாலை. மூன்று பேரும் போவதாக இருந்தது. அவள் முன்னால், நான் பின்னால், மச்சான் தன் வண்டியில். அதற்குத்தான் பெட்டி மாட்டும் கம்பிகள், பெரிய விளக்குகள், எஞ்சினுக்கு அடியில் தகடு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். இப்போது இரண்டு பேராகப் போகலாம் என்று மச்சான் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"வண்டிய மறுபடி தூக்கிடலாம்" என்றார்.

"இப்படியே இருக்கட்டும் மச்சான்."

"இப்படியே அந்த ரோட்டுக்குப் போனா முதல் பாறையிலயே வயிறு உரசும். பெட்டி வேற, லோடு வேற. உன் காலு வேற. நீ உக்காந்தா வெட்டுக்கிளி மாதிரி இருக்க."

"ரோட்டுக்குப் போகணும்னு யார் சொன்னா?"

அவர் கருவிப் பெட்டியைத் திறந்தார்.

அவளுக்காக இறக்கிய உயரம் அது. அந்த உயரத்தில் நிற்கும் வரை அவள் ஏறக்கூடிய வண்டி அது. நான் அதை உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் துணியை எடுக்கும்போது சீட்டு என் இடுப்புக்குக் கீழே இருக்கும். அது போதுமாக இருந்தது. தூக்கினால் அது என் வண்டி ஆகிவிடும். என் வண்டி எனக்கு வேண்டாம்.

"முதல்ல ஆயிலை மாத்துவோம்" என்றார் மச்சான். "அதுக்கு ஒத்துக்குவல்ல?"

ஒத்துக்கொண்டேன். வடித்தோம். அழுக்குப் பால் போல வந்தது. ஃபில்டரை மாற்றினோம். காற்று வடிகட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு குளவி மண் கூடு கட்டியிருந்தது. "வாடகைக்கு விட்டிருக்கியா?" என்றார். செயினைத் துடைத்து எண்ணெய் பூசினோம். கை வேலையில் இறங்கியதும் எனக்கு மறுப்புச் சொல்லும் இடம் எங்கே வந்து போனது என்று தெரியவில்லை. பின்பக்கச் சட்டத்தில் பட்டைகளைக் கோத்து ஷெட்டின் இரும்புக் குறுக்குச் சட்டத்திலிருந்து வண்டியைத் தொங்கவிட்டிருந்தோம். பின் சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றியது. இணைப்புகள் கண் முன்னால் இருந்தன.

அத்தை டீயோடு வந்தார். பின்னாலேயே பக்கத்து வீட்டு டீச்சர் ஷட்டர் அருகில் நின்று எட்டிப் பார்த்தார். அத்தை அவருக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் பேச்சு எங்கே போகுமோ அங்கே போனது.

"போற நேரத்துல கூட எம் பொண்ணு தனக்குன்னு எதுவும் கேக்கல டீச்சர். 'எல்லாரும் ஒத்துமையா இருங்க, அம்மாவ நல்லாப் பாத்துக்கோங்க'ன்னுதான் சொன்னாளாம்."

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அந்த வாக்கியம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். மறுநாள் வீடு நிறைய ஆட்கள். கடைசியாக என்ன சொன்னாள் என்று யாரோ கேட்டார்கள். நான்தான் பக்கத்தில் இருந்தவன். நான் வாய் திறக்கவில்லை. சித்தி ஒருவர் எனக்குப் பதிலாக, "எல்லாரையும் பாத்துக்கோன்னு சொல்லியிருப்பா, வேற என்ன சொல்லுவா" என்றார். சாயங்காலத்துக்குள் 'சொல்லியிருப்பா' என்பது 'சொன்னா' என்று ஆகியிருந்தது. ஒற்றுமை பிறகு சேர்ந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்வது அதற்கும் பிறகு. நான் திருத்தவில்லை. அத்தைக்கு அது உதவியாக இருந்தது. உண்மையானதை எடுத்து வெளியே வைக்க எனக்கு மனம் வரவும் இல்லை. சொல்லிவிட்டால் அதுவும் ஆளுக்கு ஆள் கை மாறும்.

டீச்சர் போனார். அத்தை தம்ளர்களை எடுத்துக்கொண்டு மேலே போனார். மச்சான் தரையில் சம்மணமிட்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒத்துமையா இருங்க" என்றார். "அரைப்படி. எந்தங்கச்சி. அவ வாயில இருந்து."

நான் இணைப்பின் போல்ட்டைப் பார்த்தேன்.

"சின்ன வயசுல ஒரு பஸ்ல ஜன்னல் சீட்டுக்காக என் கையக் கடிச்சு வெச்சவ அவ. ஒத்துமையாம். நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு மாப்ள. மூஞ்சியப் பாத்தேன், அவ்ளோதான். என்னதான் சொன்னா? நெஜமா."

"பதினேழாம் நம்பரைக் குடுங்க."

ஸ்பேனரைக் கொடுத்தார்.

போல்ட்டின் தலையிலிருந்து சட்டம் வரை கரும்பச்சைக் கோடு. இறுக்கியது நான். பார்த்துக் கோடு போட்டது அவள். கோட்டின் முனையில் ஒரு சின்னத் துளி கனத்துக் காய்ந்திருந்தது. ஸ்பேனரை மாட்டினேன். கை நின்றது.

"நான் கழட்டவா?" என்றார் மச்சான்.

"வேணாம்."

இழுத்தேன். முதலில் வரவில்லை. பிறகு 'டக்' என்று விட்டது. கோடு இரண்டானது. பாதி சட்டத்தில் நின்றது, பாதி போல்ட்டோடு சுற்றியது.

வண்டியோடு வந்த பழைய இணைப்புகள் என்னுடைய ஒரு காலுறைக்குள் கிரீஸ் தடவிப் பத்திரமாக இருந்தன. ஒற்றைக் காலுறை. அதன் ஜோடியை ஒரு வருடம் தேடியிருக்கிறேன். மாட்டினோம். முன்னால் ஃபோர்க் குழாய்கள் கீழே நழுவ இரண்டு பேரும் ஹேண்டிலைப் பிடித்து மேலே தூக்க வேண்டியிருந்தது. மச்சானுக்கு மூச்சு வாங்கியது. "பாலத்தைத் தூக்கி வெச்சுடலாம் மாப்ள, உங்க வண்டியத் தூக்க முடியல" என்றார். நான் இறுக்கினேன். டார்க் ரெஞ்ச் க்ளிக் என்றதும் நிறுத்தினேன். பிறகு சும்மா நின்றேன்.

"என்ன?"

அவள் போட்ட சட்டத்தைச் சொன்னேன். இறுக்கியவர் கோடு போடக் கூடாது.

அவர் சிரிக்கவில்லை. ரெஞ்ச்சை வாங்கி ஒவ்வொரு போல்ட்டாக க்ளிக் கேட்கும் வரை பார்த்தார். கருவிப் பெட்டியின் மேல் தட்டில் கரும்பச்சைப் புட்டி இருந்தது. மூடி ஒட்டிக் கொண்டிருந்தது. இடுக்கியால் திருகினார். உள்ளே பாகு போல் இறுகியிருந்தது. இரண்டு சொட்டு தின்னர் விட்டுக் குலுக்கினார். பாலம் கட்டும் விரல்களில் அந்தக் குட்டித் தூரிகை தெரியவே இல்லை.

"ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்கெல்லாம் அவ கால் நகத்துக்கு நான்தான் போட்டு விடுவேன். வெளிய வழிஞ்சா ஒரு எத்து விடுவா."

வழிந்தது. ஒவ்வொரு கோடும் கம்பளிப் பூச்சி மாதிரி இருந்தது.

பிறகு வண்டியைச் சுற்றி வந்தோம். உயரத்துக்காகத் தொட்டவை என்னென்ன என்று கோடுகளை வைத்தே பார்த்தோம். உடைந்த கோடு இருந்த இடமெல்லாம் புதுக் கோடு வந்துவிட்டது. கோடு மிச்சமில்லை என்றால் வேலை மிச்சமில்லை. இந்த ஷெட்டில் அது ஒரு நாளும் பொய்த்ததில்லை. பட்டைகளைத் தளர்த்திப் பின் சக்கரத்தைத் தரையில் இறக்கினோம். சீட்டு என் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது. மச்சான் சைடு ஸ்டாண்டைக் காலால் தள்ளினார். வண்டியை அதன் மேல் சாய்த்துக் கையை எடுத்தார். கை துடைக்கத் துணி தேடித் திரும்பினார்.

வண்டி சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போனது. நான் பாய்ந்து பின் கம்பியைப் பிடித்தேன். அது என்னையும் இழுத்துக்கொண்டு இடது பக்கமாக விழுந்தது. ஹேண்டில் கண்ணாடி உடைந்தது. கிளட்ச் லீவர் வளைந்தது. வடித்து வைத்திருந்த ஆயில் பேசின் கவிழ்ந்து மச்சானின் இரண்டு காலும் நனைந்தன.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஸ்டாண்டைப் பார்த்தோம். நடுவில் தழும்பு போல வெல்டிங் வளையம்.

வண்டியை இறக்கியபோது ஸ்டாண்டையும் குட்டையாக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் நிமிர்ந்து நின்று மறுபக்கம் விழும். வெல்டிங் கடையில் கொடுத்து ஒரு துண்டு வெட்டி ஒட்டி வாங்கி வந்தாள். அதில் போல்ட் இல்லை. போல்ட் இல்லாததால் கோடு இல்லை.

அத்தை படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "யாரு விழுந்தது?"

"வண்டிம்மா."

"மனுஷங்க?"

"நிக்கறோம்."

மூன்று பேருமாகத் தூக்கி நிறுத்தினோம். அத்தை எந்த இடத்தைப் பிடிப்பது என்று தெரியாமல் பின் விளக்கைப் பிடித்துக்கொண்டார். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தேன். நின்றது. அத்தை தள்ளிப் போய் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன இது, நெட்டையா நிக்குது? இதுல அவ ஏறணும்னா ஏணி..."

நிறுத்திக்கொண்டார். கை எல்லாம் ஆயிலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்தார். காலணிகளைக் கழற்றினார். அவர் முகத்தில் இவ்வளவு நேரம் இருந்த கேலி போயிருந்தது.

"நான்தான் அவசரப்பட்டேன்" என்றார். "உனக்கு இஷ்டமில்லாமப் பண்ணிட்டேன். எறக்கிடலாம் மாப்ள. சாயங்காலத்துக்குள்ள பழையபடி மாட்டிடலாம். அவ வெச்சிருந்த மாதிரியே நிக்கட்டும். நான் தனியாப் போய்ட்டு வர்றேன்."

நீளமான இணைப்புகள் தரையில் ஆயிலுக்கு நடுவே கிடந்தன. குனிந்து எடுத்தேன். துடைத்தேன். மாட்டச் சொன்னால் மாட்டுவார். கரும்பச்சைப் புட்டியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. சீட்டு மறுபடி என் இடுப்புக்குக் கீழே வரும். திங்கட்கிழமை காலை துணியை எடுப்பேன், ஸ்டார்ட் செய்வேன், அணைப்பேன். ஆயில் மறுபடி வெளுக்கும்.

இணைப்புகளைக் காலுறைக்குள் போட்டேன்.

"எறக்க வேணாம்."

"யோசிச்சு சொல்லு."

"ஸ்டாண்டை நீளம் பண்ணிக்கலாம். வெல்டிங் கடை ஆறு மணி வரைக்கும் இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். எழுந்திருக்கவில்லை. அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று இன்னொரு தடவை கேட்க மாட்டார் என்று தெரிந்தது. அவர் கேட்காததால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அத்தை சொல்றது இல்ல மச்சான். அவ அப்படிச் சொல்லல."

அவர் நிமிரவில்லை. காலணியைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

சொன்னேன். காய்ச்சல் என்றுதான் சேர்த்தோம். அது இதயத்துக்குப் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். அன்று மதியம் கொஞ்சம் தேவலாம் போல இருந்தாள். அத்தை மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். ஜன்னல் ஓரக் கட்டில். வெயில். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னமோ பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது என்பது போல. உட்காரவும் இல்லை. அவள் கண்ணைத் திறந்தாள். முகத்தைச் சுளித்தாள். ஏதோ சொன்னாள். நான் சுவர் ஓரமாக நகர்ந்தேன். அவள் நெற்றி முடி லேசாக அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து, சத்தம் வரக் கூடாது என்று, அசையாமல் அங்கேயே நின்றேன். நர்ஸ் வந்து என்னைத் தாண்டிப் போகும் வரை நின்றேன்.

"என்ன சொன்னா?" என்றார் மச்சான்.

"'தள்ளி நில்லுடா. காத்தே வரல.'"